சைக்கிள் டு வொர்க்: கையெழுத்துப் போடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாவது மாதச் சம்பளச் சீட்டைக் காட்டி, “அப்பாடா, இனி சைக்கிள் எனக்கே சொந்தம்” என்றார் என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர். அடுத்த வாரமே அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சைக்கிளைத் திருப்பித் தருகிறீர்களா, விலை கொடுத்து வாங்குகிறீர்களா, வாடகையை நீட்டிக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். அவர் முகம் வாடிவிட்டது. ஒரு வருடமாகக் கட்டியது தவணை இல்லை, வாடகை என்று அதுவரை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கவில்லை.

பிரிட்டனில் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு 1999 நிதிச் சட்டத்தின் வழியே கிடைத்த வரிச் சலுகைதான் இந்த ‘சைக்கிள் டு வொர்க்’ திட்டம். நிறுவனம் சைக்கிளை வாங்கி உங்களுக்கு வாடகைக்குத் தரும். அந்த வாடகை, வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் (அரசின் சமூகக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் தொகை) பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் கழியும். ஹெல்மெட், விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கலாம். நல்ல திட்டம், தெரிந்தவர்களிடமெல்லாம் எடுக்கச் சொல்கிறேன். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

1000 பவுண்டு சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம். 12 மாத வாடகை என்றால், வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்தில் மாதம் சுமார் 83 பவுண்டு குறையும். நீங்கள் 20 சதவீத வரி கட்டுகிறவர் என்றால், அதோடு 8 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் மிச்சமாகும். கைக்கு வரும் சம்பளத்தில் உண்மையில் குறைவது மாதம் 60 பவுண்டுதான், வருடத்துக்கு 720. இதுவரை சரி. ஆனால் 12-ஆவது மாதம் சைக்கிளைச் சொந்தமாக்கிக்கொள்ள நினைத்தால், வரித்துறையின் அட்டவணைப்படி ஒரு வருடப் பழைய சைக்கிளின் மதிப்பு 25 சதவீதம். அதாவது இன்னும் 250 பவுண்டு. மொத்தம் 970 ஆகிவிடும். வருடம் முழுக்கக் கட்டி மிச்சம் பிடித்தது வெறும் 30 பவுண்டு!

அதனால் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலான திட்டங்களில் 7 சதவீத வைப்புத்தொகை கட்டி, மாத வாடகை இல்லாமல் இன்னும் மூன்று வருடம் வைத்துக்கொள்ளலாம். நான்கு வருடம் முடியும்போது அட்டவணை மதிப்பும் 7 சதவீதம்தான், ஆகவே அந்த 70 பவுண்டிலேயே கணக்கு முடிந்துவிடும். மொத்தச் செலவு 790. இந்த வசதி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே மனிதவளப் பிரிவில் கேளுங்கள். அண்ணன் கேட்கவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

அப்புறம், ‘சலுகைதானே’ என்று தேவைக்கு மேல் விலையுயர்ந்ததை எடுப்பது. 1000 பவுண்டு என்ற பழைய வரம்பு 2019-இல் தளர்ந்தது. மின்சைக்கிள் வாங்க நினைத்தவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் தினமும் மழையில் ஆறு மைல் போகிறவருக்கு மட்கார்டு மாட்ட இடமில்லாத ரேஸ் சைக்கிள் எதற்கு? ஒரே வாரத்தில் முதுகெல்லாம் சேறாகி, மறுபடி பஸ் ஏறிவிடுவார். தள்ளுபடி விலையில் கிடக்கும் சைக்கிளைச் சில கடைகள் இந்தத் திட்டத்தில் தருவதில்லை, தந்தாலும் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். நேரடியாக வாங்குவதே மலிவா என்று ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சைக்கிள் திருட்டுப்போனாலும் வாடகை நிற்காது. காப்பீடு எடுக்காமல் தெருவில் பூட்டி வைக்காதீர்கள். இடையில் வேலையை விட்டால், மிச்ச வாடகையைக் கடைசிச் சம்பளத்தில் வரிச் சலுகை இல்லாமலே பிடித்துக்கொள்வார்கள். பிள்ளைப்பேற்றுக்குத் தயாராகிறவர்கள் சட்டப்படியான மகப்பேறு ஊதியம் குறையுமா என்று முதலில் கேளுங்கள். குறைந்த சம்பளத்தை வைத்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள். இன்னொன்று: வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் மட்டும் மிதித்தாலும் அது வேலைக்குப் போகும் பயணம்தான். ‘முழுத் தூரமும் என்னால் முடியாது’ என்று பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள்.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது, திட்டத்தின் அமைப்பிலேயே உள்ள தவறு. வாடகை கழித்தபின் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. ஊதியத்தைக் காக்கும் நல்ல விதிதான். ஆனால் அதனாலேயே அதிகாலை நாலரைக்குத் துப்புரவு வேலைக்குப் போகும் அக்காவுக்கு இந்தக் கதவு மூடிவிடுகிறது. 40 சதவீத வரியும் 2 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் கட்டுகிற மேலாளருக்கோ 42 சதவீதம் மிச்சம். பெல்ஜியத்தில் வேறு மாதிரி: சைக்கிளில் வரும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிறுவனம் வரியில்லாமல் பணம் தரலாம். அது சம்பளத்துக்கு மேல் வருவது, அதனால் குறைந்த சம்பளக்காரருக்கும் போய்ச் சேரும்.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிகள் பலர் சுயதொழில் கணக்கில் இருப்பதால் அவர்களுக்கும் இந்தத் திட்டம் இல்லை. ஆனால் வேலைக்காக வாங்கிய சைக்கிளை வருடாந்தர வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்டலாம். ரசீதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.