ஆபாசப் படப் பழக்கத்தை விடுவதும், உடைந்த நம்பிக்கையை ஒட்டவைப்பதும்: எங்கிருந்து தொடங்குவது?

இதில் இருப்பது இரண்டு வேலை. பார்ப்பதை நிறுத்துவது ஒன்று, மறைத்ததால் உடைந்ததைச் சரிசெய்வது இன்னொன்று. முதலாவது முடிந்தால் இரண்டாவது தானாக முடிந்துவிடாது. வீடியோவைவிட, "நான் எதுவும் பார்க்கலையே" என்று முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்தான் துணையின் மனதில் அதிக நாள் தங்கும்.

படி 1: எந்த அளவில் இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை அது ஒரு கோளாறாகவே சேர்த்திருக்கிறது. விட முயன்றும் முடியவில்லை, வேலையோ உறவோ உடல்நலமோ கெடுகிறது, இது 6 மாதமோ அதற்கு மேலோ நீடிக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'தப்பு செய்கிறோமே' என்ற உறுத்தல் மட்டும் இருந்தால் அது நோயாகாது. ஆனால் மறைத்திருந்தால் 4-ஆம் படி உங்களுக்கும் உண்டு.

படி 2: 2 வாரம் எழுதுங்கள்

போனில் வேண்டாம், காகிதத்தில். பார்த்ததையும் எழுதுங்கள், ஆசை வந்து பார்க்காமல் கடந்ததையும் எழுதுங்கள். இப்படி:

"செவ்வாய், இரவு 11.40. படுக்கை, போன். அதற்கு முன்: வேலையில் திட்டு, சாப்பிடவில்லை. 50 நிமிடம்."

பத்துப் பன்னிரண்டு வரி சேர்ந்தால், ஒரே நேரமும் ஒரே இடமும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பெரும்பாலும் பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் ஒன்று முன்னால் நிற்கும்.

படி 3: வழியை அடைத்துவிடுங்கள்

வீட்டு ரூட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் இணைய எண்ணாக மாற்றித் தரும் சேவை) இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்று போடுங்கள். ஆபாசத் தளங்களைத் தடுக்கும், கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்தின் இலவசச் சேவை இது. பலர் இதோடு நிறுத்திவிட்டு ஏமாறுவார்கள். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குப் போனால் ரூட்டர் தடை வேலை செய்யாது. அதனால் போனிலும் தனியாகப் பூட்ட வேண்டும். ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' கட்டுப்பாட்டுக்குள் வயதுவந்தோர் தளங்களைத் தடுக்கும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' உண்டு, ஆனால் அது எண்ணை ஏற்காது, சேவையின் இணைய முகவரிப் பெயரைத்தான் (ஹோஸ்ட்நேம்) கேட்கும். கடவுச்சொல் நம்பகமான நண்பரிடம் இருக்கட்டும்.

விபிஎன் (இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் செயலி) போட்டால் இதில் பலதையும் தாண்டிவிடலாம். சமூக ஊடகத்துக்குள் வரும் வீடியோவை டிஎன்எஸ் பிரித்துப் பார்க்காது. பூட்டு கொடுப்பது யோசிக்கச் சில நிமிடம், அவ்வளவுதான். போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போட்டுவிட்டு ஒரு அலாரக் கடிகாரம் வாங்குவது எந்தச் செயலியைவிடவும் உதவும் என்பது எங்கள் கருத்து.

உந்துதல் அலை மாதிரி எழும்பி, தீனி போடாவிட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். 'நினைக்கவே கூடாது' என்று மல்லுக்கு நின்றால் அதுவேதான் நினைவில் நிற்கும். "11 மணிக்குக் கை போனைத் தேடினால், எழுந்து முகம் கழுவி, ஹாலில் விளக்கைப் போட்டு உட்காருவேன்" என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

படி 4: ஒரே தடவையில் சொல்லுங்கள்

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். இன்று பாதி, மாட்டிக்கொண்டால் மீதி என்று தவணை முறையில் உண்மை சொன்னால், ஒவ்வொரு தவணையும் துணைக்குப் புதிய அடி. 'இன்னும் என்ன பாக்கி?' என்ற சந்தேகம் நிலைத்துவிடும். முதலில் தாளில் எழுதுங்கள்: எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, செலவழித்த பணம், வேறு யாருடனாவது சாட்டோ சந்திப்போ உண்டா, சொன்ன பொய்கள். எதைப் பார்த்தீர்கள் என்ற காட்சி வர்ணனை வேண்டாம், அது துணையின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். "நீ நெருங்கி வராததால்தான்" என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். முடிந்தால் தம்பதியர் ஆலோசகர் முன்னிலையில் சொல்லுங்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதோ, தூங்கப் போகும் நேரத்திலோ வேண்டாம்.

படி 5: சறுக்கினால் 24 மணி நேரம்

மறுபடி பார்த்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள், துணை கேட்பதற்கு முன் நீங்களே சொல்ல வேண்டும். நீளமாக அழுது மன்னிப்புக் கேட்டால், அடிபட்டவரே உங்களைத் தேற்ற வேண்டிவரும். இவ்வளவு போதும்:

"நேத்து ராத்திரி பதினொரு மணிக்குப் பார்த்துட்டேன். அரை மணி நேரம். போனை உள்ளே கொண்டு வந்திருந்தேன். இன்னைக்கே அதை வெளியே வைக்கிறேன்."

ஒரு தடவை விழுந்ததும் 'எல்லாம் போச்சு' என்று இரவு முழுக்கப் பார்ப்பதுதான் பெரிய சேதம்.

படி 6: வாரம் ஒரு முறை, 20 நிமிடம்

நாளும் நேரமும் நிலையாக இருக்கட்டும். அந்த வாரம் எப்படிப் போனது என்று நீங்கள் தொடங்குங்கள், பிறகு துணை கேட்கட்டும். அதே கேள்வி பத்தாவது முறை வந்தாலும் அதே பதிலை அமைதியாகச் சொல்லுங்கள். தினமும் போனைச் சோதிக்கும் வேலையைத் துணை தலையில் கட்டாதீர்கள். கண்காணிப்பவராகவும் மனைவியாகவோ கணவராகவோ ஒரே ஆள் இருக்க முடியாது. காயம்பட்டவருக்கும் தனியாக ஓர் ஆலோசகர் தேவைப்படலாம்.

உடல் நெருக்கம் எப்போது என்பதைத் துணைதான் முடிவு செய்ய வேண்டும். "மூணு மாசம் ஆச்சே, இன்னுமா நம்பிக்கை வரலை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வி மூன்று மாத உழைப்பையும் பேரமாக்கிவிடும்.