நசீம் ஹமீது வெறும் பில்டப்பா? ஒரே தோல்வியை வைத்து ஒரு பாக்ஸரை எடைபோடும் முறை

புளியரை செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் யாராவது போனில் பிரிட்டிஷ் பாக்ஸர் நசீம் ஹமீது வீடியோவை ஓட்டினால் போதும். அவர் ரிங் கயிற்றைப் பிடித்துக் குட்டிக்கரணம் அடித்து உள்ளே குதிப்பார். ஆரியங்காவுக்காரர் "அடிபொளி" என்பார். செங்கோட்டைக்காரர் "பரேராகிட்ட வாங்கினதோட கதை முடிஞ்சுது, எல்லாம் பில்டப்பு" என்பார். பரேரா என்றால் ஹமீதைத் தோற்கடித்த ஒரே ஆள், மெக்சிகோ பாக்ஸர். டீ ஆறிப்போகும், முடிவு வராது. இரண்டு பேருமே இரண்டு நிமிட கிளிப்பைப் பார்த்துப் பேசுவதால் வருகிற வினை இது. ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் முறையாகவே முடிவுக்கு வரலாம்.

முதலில், எதை பில்டப் என்கிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2000 மார்ச்சில் லண்டனில் வுயானி புங்குவோடு மோத, பறக்கும் கம்பளத்தில் உட்கார்ந்து வந்தாரே, அது டிக்கெட் விற்கிற வேலை. அதைச் சண்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சோதிக்க வேண்டியவை இரண்டே. ஃபெதர்வெயிட்டில், அதாவது 126 பவுண்டில், அவரை அடிக்க ஆளே இல்லை என்று சொன்னது ஒன்று. எல்லாக் காலத்திலும் தலைசிறந்தவர்களில் ஒருவர் என்று சொன்னது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் வாக்குவாதம் முடியவே முடியாது.

அடுத்து தேதிகளைச் சரியாக வையுங்கள். பரேரா சண்டை 2001 ஏப்ரல் 7, லாஸ் வேகாஸ். அதுவரை ஹமீது 35 சண்டை, 35 வெற்றி, அதில் 31 நாக்-அவுட். "அந்தத் தோல்வியோடு போனார்" என்பது முழு உண்மை இல்லை. 2002 மே 18 அன்று லண்டனில் மனுவேல் கால்வோவைப் புள்ளிகளில் ஜெயித்துவிட்டுத்தான் நிறுத்தினார். அப்போது வயது 28. மொத்தக் கணக்கு 36 வெற்றி, 1 தோல்வி.

இப்போது பரேரா சண்டையை முழுதாகப் பாருங்கள். 12 ரவுண்டு, இடைவேளையோடு சேர்த்து 47 நிமிடம். சத்தத்தை நிறுத்திவிடுங்கள். வர்ணனையாளர் குரல் உயர்ந்தால் நம் கண்ணுக்கும் அடி பலமாகத் தெரியும். நோட்டில் ரவுண்டுக்கு ஒரு வரி போட்டு, ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 எழுதுங்கள். யாராவது கீழே விழுந்தால் பொதுவாக 10-8. மணி அடித்த ஒரு நிமிட இடைவேளைக்குள் எழுதிவிட வேண்டும். அடுத்த ரவுண்டு தொடங்கிய பிறகு எழுதினால் புது ரவுண்டின் நினைவு பழையதைத் தின்றுவிடும். கிளவுஸின் முட்டிப் பகுதி முகத்திலோ உடம்பிலோ பதிந்தால்தான் கணக்கு. கையில், தோளில் பட்டதை விட்டுவிடுங்கள்.

நடுவர்கள் கொடுத்தது 116-111, 115-112, 115-112, மூன்றுமே பரேராவுக்கு. பலர் இங்கே தப்பாகப் படிக்கிறார்கள். 12-வது ரவுண்டில் பரேரா ஹமீதின் தலையை மூலைக் கம்பத்தின் மெத்தையில் மோதியதற்காக ரெஃபரி ஜோ கார்டெஸ் ஒரு புள்ளி பிடித்தார். அந்தப் புள்ளியைத் திரும்பச் சேர்த்தால் 117-111, 116-112. அதாவது ஒரு நடுவர் பரேராவுக்கு 9 ரவுண்டு, மற்ற இருவர் 8 ரவுண்டு. நெருக்கமான சண்டை என்று வாதிடுகிறவரிடம் இந்தக் கூட்டலைக் காட்டுங்கள். அதேபோல, ஹமீது அன்று நாக்-அவுட் ஆகவில்லை என்பதை எதிர்த்தரப்பிடமும் சொல்லுங்கள்.

இரண்டாம் தடவை பார்க்கும்போது கால்களை மட்டும் பாருங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஹமீது இடதுகைக்காரர், வலது கால் முன்னே நிற்கும். பரேராவுக்கு இடது கால் முன்னே. பரேரா தன் இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டு, தன் முன்காலை ஹமீதின் முன்காலுக்கு வெளியே வைக்கிறார். அப்படி வைத்துவிட்டால் ஹமீதின் இடது கை, அதாவது அவருடைய பலமான கை, வந்துசேர வேண்டிய தூரம் கூடிவிடுகிறது. அதைப் பிடிக்க ஹமீது எம்பிப் பாய்கிறார். பாயும்போது வலது கை இடுப்பருகே தொங்குகிறது, தாடை தூக்கியிருக்கிறது. பரேராவின் இடது ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து, அந்தத் திறப்பில் போய் உட்காருகிறது. முதல் ரவுண்டில் ஆரம்பித்து மறுபடி மறுபடி அதே அடி. பாய்ந்து அடிப்பதையே நம்பி மேலே ஏறிவந்தவரால் அன்று ஜாபை, அதாவது முன்கையால் நேராகப் போடும் குத்தை, போட்டு வழி திறக்க முடியவில்லை. அடித்து நொறுக்குகிறவர் என்று பெயர் வாங்கியிருந்த பரேரா, அன்று பொறுமையாகத் தள்ளி நின்று ஆடியது தனிப் பாடம்.

இனி பழைய சண்டைகளுக்குப் போங்கள். இதைச் செய்யாமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது. தோற்ற இரவில்தான் ஓட்டை விழுந்ததா, முன்பே இருந்ததா என்பது இதில்தான் தெரியும். 1996-ல் டேனியல் அலிசியா முதல் ரவுண்டில் அவரைக் கீழே தள்ளினார், ஹமீது அடுத்த ரவுண்டில் முடித்தார். 1997 டிசம்பரில் நியூயார்க்கில் கெவின் கெல்லியோடு நான்கு ரவுண்டுக்குள் இருவரும் ஆளுக்கு மூன்று முறை விழுந்தார்கள். தாழ்ந்த கை, தூக்கிய தாடை, நேராகப் பின்னால் சாய்வது, மூன்றுமே இருந்தன. விழுந்து எழுந்து அடித்தே ஜெயித்ததால் யாரும் ஓட்டையைப் பேசவில்லை. பிறகு 1995 செப்டம்பரில் கார்டிஃபில் ஸ்டீவ் ராபின்சனை எட்டாவது ரவுண்டில் முடித்ததைப் போடுங்கள். அதே தாழ்ந்த கைதான். ஆனால் கால் ஓடுகிறது, கோணம் மாறிக்கொண்டே அடி வருகிறது. அந்தக் கால்தான் அவருக்கு கார்டு, அதாவது தற்காப்பு. சிறுவயதிலிருந்து வளர்த்த பயிற்சியாளர் பிரெண்டன் இங்கிளை 1998 சண்டைகளுக்குப் பின் பிரிந்தார். எடை குறைக்கவும் திணறினார். கடைசி வருடங்களில் கால் நின்று, ஒரே அடிக்குக் குறிபார்க்கிற பழக்கம் கூடியது.

எதிராளிகளின் பட்டியலில் சறுக்குவது எளிது. "யாரை அடித்தார்?" என்றால் பெயரோடு அந்த வருடத்து நிலையையும் சொல்லுங்கள். 1997-ல் டாம் ஜான்சன் பதவியில் இருந்த ஐ.பி.எஃப் (உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்று) சாம்பியன், பட்டத்தைப் பலமுறை காத்தவர். புங்கு ஃபெதர்வெயிட்டுக்கு ஒரு எடைப்பிரிவு கீழே நீண்ட நாள் சாம்பியன், அங்கிருந்து மேலே ஏறி வந்தவர். வில்ஃப்ரெடோ வாஸ்கெஸ் 1998-ல் வயதானவர். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு வேறு. மோதாதவர்களையும் எழுதுங்கள்: எரிக் மொராலெஸ், ஹுவான் மானுவேல் மார்க்கேஸ்.

ஜெயித்தவர் யார் என்பதும் தராசின் ஒரு தட்டு. பரேரா அதற்கு முன் ஜூனியர் ஜோன்ஸிடம் இரண்டு முறையும் 2000-ல் மொராலெஸிடம் ஒரு முறையும் தோற்றவர். அதை வைத்தே அன்று பலர் அவரைக் குறைத்து எடைபோட்டார்கள். ஆனால் 2002-லும் 2004-லும் அதே மொராலெஸை ஜெயித்தார். அப்படிப்பட்டவரிடம் புள்ளிகளில் தோற்பதற்கும், யாரோ ஒருவரிடம் விழுவதற்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பேசுவது அநியாயம். வயதுக் காரணத்தையும் சோதியுங்கள். 2004-ல் அமெரிக்க பாக்ஸர் ராய் ஜோன்ஸ், அன்டோனியோ டார்வரிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தபோது அவருக்கு 35 வயது, உடம்பு இறங்கிய நேரம். ஹமீதுக்கு 27 தான். கை வலி, எடை, பயிற்சிக் குறைவு என்று சொல்லும் சாக்குகள் உண்மையாக இருந்தாலும், களைப்பு பின் ரவுண்டுகளில்தான் காட்டும். இங்கே ஹூக் முதல் ரவுண்டிலேயே விழுந்தது.

எங்கள் தீர்ப்பு: முதல் கூற்றில் பெரும்பகுதி உண்மை. ஆறு வருடம் அந்த எடையில் அவருடைய அடிக்கு ஈடான அடி அரிது. 2015-ல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்மண்டபத்தில் சேர்த்தது தானமாக அல்ல. இரண்டாவது கூற்றுதான் ஊதியது. அதை உடைத்ததும் பரேராவின் ஹூக் இல்லை, அந்தத் தோல்விக்குப் பிறகு நடக்காமல் போனதுதான். பரேரா மொராலெஸிடம் தோற்றபின் திரும்பி வந்து இரண்டு முறை கணக்குத் தீர்த்தார். ஹமீதும் பரேராவும் மறுபடி மோதவே இல்லை.