ஏழு லிட்டர் தண்ணீரோடு ஒரு நாள்: பாலை நடைக்குப் புதியவர்களுக்கு

பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற அமெரிக்க நெடுந்தூர நடைவழி மெக்சிகோ எல்லையிலுள்ள கேம்போவில் தொடங்கி கனடா எல்லை வரை 2,650 மைல் நீள்கிறது. அதன் முதல் 700 மைல், தெற்குக் கலிபோர்னியாவின் பெரும்பாலும் வறண்ட நிலம். புதிதாகப் போகிறவர்கள் என்ன ஷூ, எந்தக் கூடாரம் என்றுதான் முதலில் கேட்பார்கள். அங்கே போய் நான்கு நாள் நடந்தபின் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த தண்ணீர் எங்கே?

அதைக் கற்றுக்கொள்ள ஏற்ற துண்டு ஒன்று இருக்கிறது. 77ஆம் மைலில் சிசர்ஸ் கிராசிங் என்ற சாலைச் சந்திப்பு. 101ஆம் மைலில் பேரல் ஸ்பிரிங்ஸ் ஊற்று. நடுவில் சான் ஃபெலிப்பே குன்றுகள். 38 கிலோமீட்டர் தூரத்துக்கு நம்பத்தக்க ஊற்றோ ஓடையோ கிடையாது. பழகியவர்கள் ஒரே மூச்சில் கடந்துவிடுவார்கள். புதியவர்கள் இரண்டாகப் பிரித்து, முதல் நாள் 14 மைல், அதாவது 22 கிலோமீட்டர் நடந்து, தேர்ட் கேட் என்ற இடத்தில் படுத்துக்கொள்ளலாம். அந்த முதல் நாளைத்தான் இங்கே சொல்கிறேன். காலம்: ஏப்ரல் கடைசி.

முந்தின நாள் மாலை: கணக்கு

மேற்கே ஜூலியன் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆப்பிள் பைக்குப் பேர் போன ஊர். சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் கிளம்புமுன் தண்ணீரை அங்கேயே பிடித்துவிடுங்கள். சந்திப்பின் அருகில் ஓடும் சான் ஃபெலிப்பே ஓடையை நம்ப வேண்டாம்.

வெயில் காலத்தில் ஆறு, ஆறரை கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 கிலோமீட்டருக்கு மூன்றரை லிட்டர். இரவுச் சாப்பாட்டுக்கும் தாகத்துக்கும் ஒரு லிட்டர். மறுநாள் ஊற்று வரை மீதி 16 கிலோமீட்டருக்கு இரண்டரை. ஆக ஏழு லிட்டர், ஏழு கிலோ. பையின் மற்ற சாமான்கள் எட்டு, ஒன்பது கிலோவுக்குள் இருந்தால்தான் இதைத் தூக்கிக்கொண்டு மேடேற முடியும்.

"தேர்ட் கேட்டில் தன்னார்வலர்கள் தண்ணீர் வைக்கிறார்களே, எதற்கு இவ்வளவு?" என்று கேட்பீர்கள். வைக்கிறார்கள், உண்மைதான். நானும் முதல் தடவை அதை நம்பி நாலு லிட்டரோடு கிளம்பினேன். போய்ப் பார்த்தால் வரிசையாக அடுக்கிய பெரிய பாட்டில்கள், எல்லாம் காலி. யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் வைப்பது தர்மம், கடமை இல்லை. அரை லிட்டரை உதட்டில் நனைத்து நனைத்து, ராத்திரியோடு ராத்திரியாக மிச்சத் தூரத்தை நடந்தேன். அங்கே இருந்தால் அதிர்ஷ்டம்; கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

எல்லாத் தண்ணீரையும் ஒரே பையில் ஊற்றாதீர்கள். ஒரு முள் போதும், மொத்தமும் மணலுக்குப் போய்விடும். இரண்டு லிட்டர் பை இரண்டு, முதுகோடு ஒட்டி உள்ளே. ஒரு லிட்டர் பாட்டில்கள் மூன்றில் இரண்டு கைக்கு எட்டும் பக்கப் பைகளில். ஃபார்அவுட் செயலியில் முன்னே போனவர்கள் நீர்நிலைகளைப் பற்றி எழுதும் குறிப்புகளை அன்றைய தேதிவரை படித்துவிடுங்கள்.

காலை நாலரை: இருட்டில் கிளம்புதல்

எழுந்ததும் அரை லிட்டர் குடியுங்கள். வயிற்றில் இருக்கும் தண்ணீர் தோளை அழுத்தாது. தலைவிளக்கோடு ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்கினால், சூரியன் வரும்போது ஏற்றத்தின் முதல் பகுதி முடிந்திருக்கும். 690 மீட்டர் உயரத்திலிருந்து ஆயிரத்தைத் தாண்டி ஏற வேண்டும். செங்குத்து இல்லை, ஆனால் ஓயாது.

உடுப்பு முழுக்கை, வெளிர் நிறம், அகல விளிம்புத் தொப்பி. ஷூ வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிது, ஏனென்றால் வெயிலில் பாதம் வீங்கும். வாட்டர்ப்ரூஃப் ஷூ வேண்டாம். உள்ளே வேர்வை தேங்கிக் கொப்புளம்தான் மிஞ்சும். ஒரு மணிக்கு ஒரு தரம் நின்று, மணலைக் கொட்டிவிட்டு, சூடாக உறுத்தும் இடத்தில் உடனே டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டுவது வீண்.

விடியலில் ஒக்கொட்டீயோ செடிகளைப் பார்ப்பீர்கள்: ஆளுயரத்துக்கு மேல் முள் கழிகள், நுனியில் மட்டும் செந்தீ போலப் பூ. அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தால் சோயாவில் மாட்டுவீர்கள். சோயா பீன்ஸ் இல்லை, கள்ளி. லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் விரலுக்குத் தாவும். அதற்குத்தான் ஒரு சாதாரணத் தலைவாரும் சீப்பு: கணுவுக்கும் தோலுக்கும் நடுவில் பல்லைச் செருகி, உங்களுக்கும் பிறருக்கும் எதிர்த்திசையில் ஒரே வெட்டில் சுண்டிவிடுங்கள். மிஞ்சிய முள்ளுக்கு ட்வீசர். பத்து கிராம் சீப்பு, அவ்வளவுதான் எடை.

கிலுகிலுவென்று சத்தம் கேட்டால் ராட்டில் பாம்பு. நில்லுங்கள், எங்கே என்று பாருங்கள், பின்வாங்குங்கள், அது போகட்டும். கம்பால் சீண்ட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பாறையிடுக்கில் கை வைக்கவும் வேண்டாம்.

பதினொன்றிலிருந்து நாலு வரை: நடக்காதீர்கள்

பாலைக்கு நண்பகலைப் பொழுதாக வகுத்தது நம் இலக்கணம். தலைவன் பொருள் தேடி அந்த வெயிலில் போவான். நமக்கு என்ன அவசரம்? இதற்குள் பதினைந்து கிலோமீட்டர் ஆகியிருக்கும். மரம் கிடையாது, பாறை நிழல் கிடைத்தால் சரி, இல்லையென்றால் வெள்ளிப் பூச்சுக் குடையை விரித்து அதன்கீழ் ஒண்டிக்கொள்ளுங்கள். ஷூ, சாக்ஸ் கழற்றிக் காயவையுங்கள்.

சாப்பாட்டுக்கு நான் கொண்டுபோவது அவல். மூடிபோட்ட டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைத்தால் பத்து நிமிடத்தில் ஊறிவிடும். வேர்க்கடலை, எலுமிச்சை ஊறுகாய், அவ்வளவே. அடுப்பு வேண்டாம். அடுப்பு மூட்டுவதாக இருந்தால் கலிபோர்னியாவில் கேஸ் அடுப்புக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஊறுகாய் ருசிக்கு மட்டுமல்ல. வேர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போகும். எலக்ட்ரோலைட் பொடியும் இரண்டு பொட்டலம் வைத்திருங்கள்.

சிறுநீர் அடர்மஞ்சளானால் குடிப்பது போதவில்லை. கூட வருகிறவர் உடம்பு கொதிக்க, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு: உடனே நிழல், உடம்பை நனைத்து விசிறுதல், அவசர உதவிக்கு 911. செல்போன் சிக்னலை நம்ப முடியாததால் செயற்கைக்கோள் கருவி ஒன்று பையில் இருக்கட்டும்.

மாலை: மிச்ச ஏழு கிலோமீட்டர்

நாலு மணிக்குக் கிளம்பினால் ஆறரைக்குத் தேர்ட் கேட். பெயருக்கேற்ற மாதிரி ஒரு கேட்தான். திறந்தால் மூடிவிட்டு நடங்கள். தண்ணீர் வைத்திருந்தால், பின்னால் வருகிறவர்களை நினைத்து அளவாக எடுங்கள்.

மணல் ஓடையில் படுக்காதீர்கள். எங்கோ பெய்த மழை அந்த வழியாகத்தான் வரும். மலம் கழிக்க 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் குழி. காகிதத்தைக் கவரில் போட்டுத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.

தூங்குமுன் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். காலைக்கு இரண்டரை லிட்டர் இருக்கிறதா? சரி. ஷூவைக் கூடாரத்துக்குள் வையுங்கள், காலையில் தேள் இருக்கிறதா என்று உதறிவிட்டுப் போடுங்கள். அப்புறம் அலாரம், நாலரைக்கு.