தண்ணி பிடிச்சதும் பத்து பஸ்கி: வீட்டிலேயே காலை உடற்பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

உடற்பயிற்சி வீடியோக்களில் பெரும்பாலும் ஒரு விசாலமான ஹால் இருக்கும். தரையில் யோகா மேட், ஓரத்தில் ஒரு பூந்தொட்டி, பின்னால் மெல்லிய இசை. வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு ரூம், ஒரு கிச்சன் வீட்டில் இருப்பவர் அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். இங்கே காலை ஐந்தரைக்கு ஹாலில் நாலு பேர் குறுக்கும் நெடுக்குமாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கீழே அடி பம்பு சத்தம். வாசலில் குடங்கள். ஏழரைக்குள் டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும்.

இதற்கு நடுவில் உடற்பயிற்சியா என்றால், "நேரம்கூட ஒதுக்கிடலாம், மனசுதான் வரமாட்டேங்குது" என்பார்கள். இந்தப் பதிவு அவர்களுக்கு. என் கட்சி இதுதான்: மனசு வரட்டும் என்று காத்திருந்தால் அது வராது. தொடங்கி இரண்டு நிமிடம் ஆன பிறகுதான் வரும். அதனால் ஆர்வத்தைத் தேடி அலைய வேண்டாம். தொடங்குவதை எவ்வளவு சுலபமாக்கலாம் என்று மட்டும் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விஷயம். பிரஷர், சர்க்கரை, இதயக் கோளாறு இருப்பவர்களும், நெஞ்சு வலி, மயக்கம் வந்தவர்களும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிடலாம், காசு கிடையாது.

படி 1: முடிவை ராத்திரியே எடுத்துவிடுங்கள்

கண் விழித்த முதல் கால் மணி, அரை மணி நேரம் மூளை முழுதாக விழித்திருக்காது. உடல் எழுந்துவிடும், யோசிக்கிற திறன் மெதுவாகத்தான் வரும். சிலருக்கு இது ஒரு மணி நேரம்கூட நீடிக்கும். அந்த நேரத்தில் "இன்னைக்குச் செய்யலாமா, வேணாமா" என்று உங்களையே கேட்டால் என்ன பதில் வரும்? வேண்டாம் என்றுதான். கேள்வியே காலையில் எழக் கூடாது. எங்கே, எதற்குப் பிறகு, என்ன பயிற்சி என்ற மூன்றும் படுக்கப் போகும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

படி 2: மணியை விடுங்கள், ஒரு வேலையைப் பிடியுங்கள்

"நாளையிலிருந்து ஆறு மணிக்குச் செய்வேன்" என்ற சபதம் நம் ஏரியாவில் நிற்காது. தண்ணி ஒருநாள் ஐந்துக்கு வரும், ஒருநாள் ஆறேகாலுக்கு வரும். லாரி வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். ஆனால் எந்த நேரத்தில் நடந்தாலும் கட்டாயம் நடக்கிற சில வேலைகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. சுவரில் ஏற்கனவே அடித்திருக்கிற ஆணியில் பையை மாட்டுவது போல, உடற்பயிற்சியை அதில் ஒன்றில் மாட்டிவிடுங்கள்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"கடைசிக் குடத்தை உள்ளே வைத்ததும், கிச்சன் மேடையைப் பிடித்துப் பத்து பஸ்கி (உட்கார்ந்து எழுவது)."

"பாலை அடுப்பில் வைத்ததும், அது பொங்குகிற வரைக்கும் குதிகால் தூக்கல்."

"வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும், சுவரில் தண்டால்."

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு இந்த "இது நடந்தால் அது செய்வேன்" என்ற முறை நிறையப் பேசப்பட்டது. வெறுமனே ஆசைப்படுவதைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம்.

உங்கள் தெருவில் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறதென்றால் தண்ணியை நம்ப வேண்டாம். ஆவின் பாக்கெட்டையோ பல் துலக்குவதையோ பிடியுங்கள். தினமும் நடக்கிற வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். துறைமுகத்திலோ மணலி கம்பெனிகளிலோ நைட் ஷிஃப்ட் போகிறவர்களுக்குக் காலை என்பது மதியம் ஒரு மணியாகக்கூட இருக்கும். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. தூங்கி எழுந்து முகம் கழுவியதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் முடிந்து கண் எரிய வந்து, அப்போது செய்ய முயலாதீர்கள்.

படி 3: இடத்தைத் தயார் பண்ணுங்கள்

ஒரு பாய் விரிக்கிற அளவு போதும். அதுவும் இல்லையென்றால் நிற்கிற அளவு போதும், கீழே சொல்லும் பயிற்சிகளில் பாதி நின்றபடிதான்.

கிச்சன்தான் என் முதல் தேர்வு. மேடை ஆடாது, யாரும் அங்கே தூங்க மாட்டார்கள். ஆனால் தண்ணி பிடித்த கையோடு செய்வதால் தரை ஈரமாக இருக்கும். துடைத்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். வழுக்கி விழுந்தால் மாதக்கணக்கில் படுக்கை.

மொட்டை மாடி நல்ல இடம்தான், காற்று வரும். ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். சாவிக்காகக் காத்திருந்தே விட்டுப்போன காலைகள் இந்த ஊரில் ஏராளம். எதிர் மாடியிலிருந்து நாலு பேர் பார்ப்பார்கள் என்ற கூச்சம் பெண்களுக்கு இருக்கும். அது நியாயமான கூச்சம்தான், "அதையெல்லாம் கண்டுக்காதீங்க" என்று நான் அறிவுரை சொல்லப்போவதில்லை. வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள், பலன் ஒன்றும் குறையாது. எண்ணூர், மணலிப் பக்கக் காற்றில் நெடி அதிகமாக இருக்கும் நாட்களிலும், போகிப் புகை மூடியிருக்கும் காலையிலும் எல்லோருமே உள்ளேதான்.

உடை? சுடிதார், லுங்கிக்குப் பதில் ஒரு ட்ராக் பேண்ட், பழைய காட்டன் டீ-ஷர்ட், எதுவானாலும் சரி. புதிதாக வாங்கத் தேவையில்லை. "ஷூ வாங்கிட்டுத் தொடங்கறேன்" என்பது தள்ளிப்போடுவதற்கு மனசு கண்டுபிடிக்கிற சாக்கு.

வீட்டில் இருப்பவர்களிடம் ராத்திரியே சொல்லிவிடுங்கள். காலையில் மாமியார் திடீரென்று பார்த்து "என்னம்மா, கால் புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டால் அன்றைய பயிற்சி சிரிப்போடு முடிந்துவிடும்.

படி 4: முதல் வாரம் வேண்டுமென்றே குறைவாகச் செய்யுங்கள்

முதல் வாரம் இரண்டே நிமிடம். ஐந்து பஸ்கி, ஐந்து சுவர்த் தண்டால், முடிந்தது. இன்னும் செய்யலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். முதல் நாளே ஐம்பது போட்டுவிட்டு, அடுத்த இரண்டு நாள் படி இறங்க முடியாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் மூன்றாவது நாள் திரும்ப வருவதில்லை.

இரண்டு நிமிடத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். சில்லறை சில்லறையாகச் சேர்த்தாலும் கணக்குதான். பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடப்பதும், மாடி ஏறுவதும் இதில் சேரும். மிதமான உழைப்பு எது என்று பார்க்க மீட்டர் வேண்டாம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

படி 5: பயிற்சிகள்

இரண்டாவது வாரத்திலிருந்து பத்து நிமிடத்துக்குப் போகலாம்.

முதலில் இரண்டு மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே நடை, அப்புறம் தோள்களை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். காலையில் இதை விட்டுவிட்டு நேராகப் பயிற்சிக்குப் போகக் கூடாது. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். விழித்தெழும்போது நம் உயரமே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூடியிருக்கும். அந்த நேரத்தில் முதுகை வளைத்துக் குனிந்து காலைத் தொடுவது, எழுந்ததும் சிட்-அப் போடுவது எல்லாம் முதுகுக்கு நல்லதில்லை.

*நாற்காலி பஸ்கி.* பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் நழுவும். மெதுவாக உட்காருங்கள், கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். எட்டு முறை. பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுபவர்களுக்கு இது பழகிய அசைவுதான். முழங்கால் வலி இருந்தால் பாதி வரைக்கும் போதும்.

*தண்டால்.* முதலில் சுவரில் கை ஊன்றி. அது சுலபமானதும் கிச்சன் மேடையில். அதுவும் சுலபமானதும் தரையில். உடம்பு தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும், இடுப்பு தொங்கக் கூடாது. எட்டு முறை.

*இடுப்புத் தூக்கல்.* பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி, இரண்டு எண்ணி இறக்குங்கள். பத்து முறை. நாள் முழுக்கத் தையல் மெஷினிலோ ஆட்டோவிலோ உட்கார்ந்திருப்பவர்கள் இதை விடவே கூடாது.

*கேன் இழுத்தல்.* ஐந்து லிட்டர் கேனில் தண்ணி நிரப்பினால் ஐந்து கிலோ. ஒரு கையை மேடையில் ஊன்றி, முதுகை நேராக வைத்து லேசாகச் சாய்ந்து, கேனை இடுப்பு வரை இழுங்கள். ஒவ்வொரு கைக்கும் எட்டு.

*குதிகால் தூக்கல்.* பால் பொங்குகிற வரை. எண்ணிக்கை வேண்டாம்.

குதிப்பது, ஓடுவது எதுவும் இதில் இல்லை, கவனித்தீர்களா? ஹவுசிங் போர்டில் காலை ஆறு மணிக்கு மாடி வீட்டில் குதித்தால் கீழ் வீட்டு ஆயா கரண்டியோடு வந்துவிடுவார்.

பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "நாலு குடம் தண்ணி மூணு மாடி தூக்கறேன், அது போதாதா?" அது உழைப்புதான், மூச்சு வாங்குகிற உழைப்பு, கணக்கில் சேரும். ஆனால் எப்போதும் ஒரே பக்க இடுப்பில் குடம், ஒரே மாதிரிக் குனிவு. உடம்பின் ஒரு பக்கம் தேய்கிறது, தள்ளுகிற, இழுக்கிற தசைகளுக்கு வேலையே இல்லை. அதனால் குடத்தைத் தூக்கும் விதத்தை மாற்றுங்கள்: குடத்துக்குப் பக்கத்தில் நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்குங்கள். ஒரு நடை வலது இடுப்பில், அடுத்த நடை இடது இடுப்பில். இதோடு மேலே சொன்ன தண்டாலும் கேனும் சேர்ந்தால் போதும்.

படி 6: கொஞ்சம் லஞ்சம் கொடுங்கள்

கேட்க ஆசையாக இருக்கிற ஒன்றைப் பயிற்சி நேரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். கானா பாட்டோ தொடர்கதையோ, அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும்தான் கேட்க வேண்டும். கேட்டி மில்க்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், விறுவிறுப்பான ஒலிப்புத்தகங்களை ஜிம்மில் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தபோது ஆட்கள் முதல் வாரங்களில் ஜிம்முக்கு அதிகம் வந்தார்கள். நடுவில் விடுமுறை வந்ததும் பலன் தேய்ந்துவிட்டது. நமக்குப் பொங்கலும் தீபாவளியும் அப்படித்தான் இழுக்கும். விடுமுறை முடிந்ததும் மறுபடி இரண்டு நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். ஹெட்போன் ஒரு காதில் மட்டும் போதும், தண்ணி வந்த சத்தம் கேட்க வேண்டுமே.

அடுத்தது தேதி காலண்டர். வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டரில் அன்றைய தாளைப் பயிற்சி முடிந்த பிறகுதான் கிழிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராசிபலன் பார்க்கிற வீடென்றால் இதைவிடச் சிறந்த காவல் கிடையாது. தாள் கிழிக்காமல் இருந்தால் "இன்னைக்கு ஏன் கிழிக்கலை?" என்று வீடே கேட்கும்.

படி 7: விட்டுப்போன நாளுக்கு ஒரு வழி

மழை, காய்ச்சல், மாதவிடாய் வலி, ஊரிலிருந்து விருந்தாளி. விட்டுப்போகத்தான் செய்யும். லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பரவலாகச் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் தெரிந்தது. விட்ட நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்யவும் வேண்டாம்.

முடியாத நாளுக்கென்று ஒரு குட்டிப் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள்: மேடையைப் பிடித்து மூன்று பஸ்கி. காய்ச்சல் இருந்தால் அதுவும் கிடையாது.

படி 8: எப்போது கூட்டுவது

வாரத்துக்கு ஒரு பயிற்சியில் மட்டும் இரண்டு கூட்டுங்கள். மேடைத் தண்டால் பன்னிரண்டு சிரமமில்லாமல் வந்தால் தரைக்கு இறங்கி ஐந்திலிருந்து தொடங்குங்கள். நாற்காலி பஸ்கி பதினைந்து வந்தால் நாற்காலியை எடுத்துவிடலாம். அடுத்த மாதம் மாடிப்படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மூன்று மாடி, ஒரு முறை ஏறி இறங்கினால் போதும். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குடங்கள் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் படி ஈரமாகவும் நெரிசலாகவும் இருக்கும், அது காய்ந்த பிறகு போங்கள்.