பழைய இராணுவப் பயிற்சி விமானம் வாங்குவதற்கு முன்: பறப்புத்தகுதிச் சான்றிதழின் வகையை அறிவது எப்படி

இராணுவச் சேவையிலிருந்து விலக்கப்பட்ட பயிற்சி விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கிப் பறக்க எண்ணுபவர், விலையையும் எஞ்சின் ஓடிய மணித்தியாலங்களையும் விசாரிப்பதற்கு முன்பு, அதற்கு எந்த வகைப் பறப்புத்தகுதிச் சான்றிதழ் கிடைக்கும் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். விமானத்தின் வயதோ பராமரிப்பின் நேர்த்தியோ அதைத் தீர்மானிப்பதில்லை. அந்த வடிவமைப்புக்குச் சிவில் வகைச் சான்றிதழ், அதாவது அந்த மாதிரியின் வடிவமைப்பையே சிவில் அதிகாரிகள் அங்கீகரித்ததற்கான சான்று, உண்டா என்பதே முதற்கேள்வி. 1951-இல் தொடங்கிய அரச இலங்கை விமானப்படை முதலில் சிப்மங்க்கிலும், பின்னர் ஜெட் புரொவொஸ்ட்டிலும் விமானிகளைப் பழக்கியது. இவற்றுள் சிப்மங்க் பிரித்தானியாவில் இன்றும் வழக்கமான சான்றிதழுடன் பறக்கிறது. ஜெட் புரொவொஸ்ட்டோ ‘பெர்மிட் டு ஃபிளை’ எனும் அனுமதியுடனேயே பறக்கிறது.

சோதனையைத் தயாரிப்பாளரின் உலோகத் தகட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் பொறிக்கப்பட்டுள்ள மாதிரிப் பெயரும் தொடர் இலக்கமும், வகைச் சான்றிதழின் தரவுத்தாளில் (அங்கீகரிக்கப்பட்ட மாதிரிகளையும் வரையறைகளையும் பட்டியலிடும் ஆவணத்தில்) உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். அமெரிக்காவின் டி-34 மென்டர் பயிற்சி விமானம் 5ஏ3 என்ற தரவுத்தாளில் அடங்குவதால் அதற்கு வழக்கமான சான்றிதழ் பெற வழியுண்டு. பிரித்தானிய விமானப்படையின் சிப்மங்க் டி.10 அப்படியே சிவில் பதிவுக்கு வந்துவிடாது. சிவில் பாவனைக்கான மார்க் 22 தரத்துக்கு மாற்றப்பட வேண்டும், அம்மாற்றம் ஒவ்வொன்றும் பதிவேட்டில் இருக்கவும் வேண்டும். என் கணிப்பில், பதிவில்லாத மாற்றம் செய்யப்படாத மாற்றத்தைவிடப் பெரிய தலையிடி: அதைப் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பரிசோதகரும் கையொப்பமிடத் துணியமாட்டார்.

வகைச் சான்றிதழ் இல்லாதவற்றுக்கு நாட்டுக்கு நாடு வழி வேறு. அமெரிக்காவில் ‘லிமிடெட்’ வகை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உபரியாக விற்கப்பட்ட விமானங்களுக்காக 1946-இல் உருவானது. அதற்கும் தனியான வகைச் சான்றிதழ் தேவை. அதுவும் கிடைக்காத யாக்-52, நம் விமானப்படை சீனக்குடாவில் பயன்படுத்தும் பி.டி.-6-இன் இனத்தைச் சேர்ந்த சி.ஜே.-6 போன்றவை, காட்சிப் பறப்புக்கான ‘எக்ஸ்பெரிமென்டல்’ வகைக்குள் போகின்றன. விமானி அறையின் நுழைவாயிலருகே அச்சொல் குறைந்தது 2 அங்குல உயர எழுத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிரித்தானியப் பெர்மிட் விமானத்தில், இது சர்வதேசத் தேவைப்பாடுகளுக்கு அமையச் சான்றளிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கைத் தகடு இருக்கும். ஜெட் புரொவொஸ்ட் போன்றவற்றை இயக்குபவர் அங்கே சிவில் விமான அதிகாரசபையின் சி.ஏ.பி. 632 என்ற ஆவணத்தின்படி நிறுவனக் கட்டுப்பாட்டுக் கையேடு ஒன்றையும் தயாரித்து வைத்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கும் தனது ‘லிமிடெட்’ வகை உண்டு. பெயர் ஒன்றானாலும் விதிகள் வேறு என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வகையின் விளைவு வருமானத்தில்தான் முதலில் தெரியும். அமெரிக்க விதி 91.315, ‘லிமிடெட்’ விமானத்தில் கட்டணத்துக்கு ஆட்களையோ பொருட்களையோ ஏற்றுவதைத் தடுக்கிறது. பணம் பெற்றுப் பயிற்சியளிப்பதும் இத்தடைக்குள் அடங்கும் என்று 2021-இல் அங்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது பயிற்றுநர்கள் பலர் திகைத்துப்போனார்கள். பயிற்சிக்கான அத்தடை 2022-இல் சட்டத்தின் மூலம் நிபந்தனைகளுடன் தளர்த்தப்பட்டது; பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றும் தடை அப்படியே உள்ளது. ஆகவே “சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செலவை ஈடுசெய்யலாம்” என்று தரகர் சொன்னால், அதை அனுமதிக்கும் விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

கொழும்பில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1944-ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் 33-ஆம் உறுப்புரை, குறைந்தபட்ச சர்வதேசத் தரத்தை எட்டிய சான்றிதழ்களையே மற்ற நாடுகள் ஏற்கக் கட்டாயப்படுத்துகிறது. ‘லிமிடெட்’, ‘எக்ஸ்பெரிமென்டல்’ போன்ற சிறப்புச் சான்றிதழோ பெர்மிட்டோ உள்ள விமானம், வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியே அனுமதி பெறாமல் இரத்மலானைக்குப் பறந்துவர முடியாது. இங்கு வந்த பின்னரும் பாக்குநீரிணைக்கு அப்பால் போக இந்தியாவின் அனுமதி வேண்டும். சிறகைக் கழற்றிக் கொள்கலனில் அனுப்புவதே பெரும்பாலும் வசதி.

முற்பணம் கொடுப்பதற்கு முன்பாகவே தரவுத்தாள், தற்போதைய சான்றிதழ், அதோடு இணைந்த இயக்க வரையறைகள் ஆகியவற்றின் பிரதிகளைக் கட்டுநாயக்கவிலுள்ள சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு அனுப்பி, இதை இலங்கையின் 4ஆர் பதிவில் எந்த அடிப்படையில் ஏற்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பிக் கப்பலேற்ற வேண்டாம். ஆபத்தில் விமானியை வெளியே வீசும் வெளியேற்று இருக்கை உள்ள ஜெட் என்றால் அதன் வெடித்தோட்டாக்களின் இறக்குமதி அனுமதியையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

நல்ல வகைச் சான்றிதழ் கிடைப்பதால் உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப வரும் விசையால் உலோகம் பலவீனமடைவது, இல்லையென்றாகிவிடாது. போலி வான்சண்டைப் பறப்புகளில் ஈடுபட்ட டி-34 விமானங்கள் 1999, 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் பறப்பிலேயே சிறகு முறிந்து வீழ்ந்தன. பிரித்தானிய விமானப்படையின் புல்டோக் பயிற்சி விமானத்தில் உலோகக் களைப்பைக் கண்காணிக்கவே மணித்தியாலக் கணக்கோடு களைப்புச் சுட்டெண் ஒன்றும் கணிக்கப்பட்டது. விற்பவரிடம் அச்சுட்டெண்ணின் தற்போதைய பெறுமானத்தையும் அனுமதிக்கப்பட்ட உச்சத்தையும், இரண்டுக்குமான பதிவேட்டுப் பக்கத்தோடு கேட்டு வாங்குங்கள்.