டிரிஸ்டான் டா குன்ஹாவை வரைபடத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

தென் அட்லாண்டிக்கின் நடுவே கிடக்கும் இந்தத் தீவுக்கூட்டத்தைக் கண்ணால் துழாவித் தேடினால் கிடைக்காது. எண்களைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்: தெற்கு 37 பாகை 4 நிமிடம், மேற்கு 12 பாகை 19 நிமிடம் (ஒரு பாகைக்கு 60 நிமிடம்). முதன்மைத் தீவின் ஒரே ஊர் இருக்கும் இடம் இது.

அட்லஸில் அட்லாண்டிக் முழுவதும் தெரியும் பக்கத்தை எடுங்கள். பெரும்பாலும் 10 பாகைக்கு ஒரு கோடுதான் இருக்கும். மேற்கு 10-க்கும் 20-க்கும் இடையே, 10-லிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தள்ளி ஒரு குறி; தெற்கு 30-க்கும் 40-க்கும் இடையே பத்தில் ஏழு பங்கு கீழே இன்னொரு குறி. பக்கத்து ஓரத்திலிருந்து ஸ்கேல் வைத்து நேர்கோடு இழுக்காதீர்கள். பல படங்களில் கோடுகள் வளைந்தே போகும். அதனால் அருகிலுள்ள கோடுகளுக்கு நடுவிலேயே அளக்க வேண்டும்.

1 செ.மீ.க்கு 300 கி.மீ. என்ற படத்தில், சுமார் 12 கி.மீ. அகலமுள்ள முதன்மைத் தீவு 0.4 மி.மீ. மட்டுமே. பேனா முனைப் புள்ளிதான். பெயரை இடம் இருக்கும் பக்கம் அச்சிட்டிருப்பார்கள். எழுத்துக்கு அடியில் தீவைத் தேட வேண்டாம். சரிபார்க்க இரண்டு தூரங்கள் போதும்: கேப்டவுனிலிருந்து மேற்கே சுமார் 2,800 கி.மீ., செயின்ட் ஹெலினாவிலிருந்து தெற்கே சுமார் 2,400 கி.மீ.

இணைய வரைபடத்தில் தேடல் பெட்டியில் -37.07, -12.32 என்று இடுங்கள்; கழித்தல் குறிகள் தெற்கையும் மேற்கையும் குறிக்கும். சறுக்குவது இங்கேதான். இரண்டு கழித்தல் குறிகளையும் விட்டால் சிசிலிக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் போய் நிற்பீர்கள். எண்களை இடம் மாற்றினால் பிரேசில் கரையோரக் கடல். இன்னொரு பிழை பலருக்கும் தெரியாமலே நடக்கும்: 19 நிமிடத்தை அப்படியே 12.19 என்று எழுதுவது. 60-ஆல் வகுத்தால்தான் 0.32 வரும். இந்த ஒரு பிழையே 11 கி.மீ.க்கு மேல் கிழக்கே தள்ளிவிடும், அதாவது கிட்டத்தட்ட தீவின் முழு அகலம்.

முதலில் வெறும் நீலம் தெரிந்தால் தேடல் தவறு என்று முடிவுகட்டாமல் பெரிதாக்கிப் பாருங்கள். இன்அக்ஸசிபிள், நைட்டிங்கேல் தீவுகள் தென்மேற்கே பக்கத்திலேயே தென்படும். அதே கூட்டத்தைச் சேர்ந்த கஃப் தீவு மட்டும் தென்கிழக்கே சுமார் 400 கி.மீ. தள்ளி, தெற்கு 40 பாகை 19 நிமிடம், மேற்கு 9 பாகை 56 நிமிடத்தில் இருக்கிறது. அதைத் தனியாகவே தேட வேண்டும்.