மின்தடையில் பழுதான ஹார்ட் டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்கும் முறை

ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அதனுள் சுழலும் தட்டில் ஏற்கெனவே பதிந்த தகவல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணைதான் அரைகுறையாக நின்றுபோகிறது. மின்சாரம் வந்ததும் விண்டோஸ் அந்த டிரைவை ஃபார்மட் செய்யச் சொல்வது இதனால்தான். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கையும் (chkdsk) இப்போது ஓட்ட வேண்டாம். கோப்பு அமைப்பைச் சீராக்குவதுதான் அதன் வேலை என்பதால், பொருந்தாத பதிவுகளை அது தயங்காமல் நீக்கிவிடும்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். 'டக் டக்' என்று திரும்பத் திரும்பச் சத்தம் வந்தால் உடனே மின்இணைப்பைத் துண்டித்து, தரவு மீட்பு நிலையத்தை நாடுவதே சரி. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தட்டில் கீறல் விழும் அபாயம் கூடுகிறது. டிஸ்க் சுழலவே இல்லையென்றால், மின்சாரம் திரும்பியபோது ஏறிய வோல்டேஜில் அடாப்டரோ சர்க்யூட் போர்டோ போயிருக்கலாம். அதே வோல்டேஜ் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பார்க்கலாம். போர்டை மட்டும் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; இன்றைய டிஸ்குகளில் அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள ஒரு சிறு சிப்பில் பதிந்திருப்பதால், அதையும் எடுத்துப் புதிய போர்டில் பற்றவைக்க வேண்டியிருக்கும்.

டிஸ்க் அமைதியாகச் சுழல்கிறது என்றால், மீட்பு வேலையை மூல டிஸ்கில் செய்யாமல், அதன் முழு நகலை எடுத்து அந்த நகலில் செய்யுங்கள். பென்டிரைவிலிருந்து உபுண்டு போன்ற லினக்ஸை இயக்கி, மூலத்தைவிடப் பெரிய இன்னொரு டிஸ்கில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நகலெடுப்பு மென்பொருள் மூலம் நகலெடுக்கலாம். அது முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் செக்டார்களை, அதாவது தட்டின் சிறு சேமிப்புப் பகுதிகளை, கடைசிக்கு ஒதுக்குகிறது. பழுதான டிஸ்குக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை இல்லை. மூலம் எது, நகல் எது என்பதைச் சீரியல் எண்ணைக் கொண்டு இரண்டு முறை சரிபாருங்கள், ஏனெனில் இடம் மாறினால் மீட்க எதுவுமே மிஞ்சாது. எதுவரை நகலெடுத்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு ஒன்றையும் தவறாமல் வைத்துக்கொண்டால், நடுவில் மறுபடி மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கும் 1 டிபி டிஸ்குக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். கெட்ட செக்டார்கள் இருந்தால் நாட்கணக்கிலும் நீளலாம். இந்த நேரம் முழுவதும் கணினி யூபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

நகல் முடிந்ததும் டெஸ்ட்டிஸ்க் (TestDisk) என்ற மீட்பு மென்பொருளை அதன்மீது ஓட்டுங்கள். தொலைந்த பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவை) கண்டுபிடிக்கவும், விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸின் பூட் செக்டாரை (தொடக்கப் பகுதியை) அதன் மாற்றுப் பிரதியிலிருந்து மீட்கவும் அதனால் முடியும். கோப்புகள் பெயரோடும் ஃபோல்டரோடும் திரும்பக் கிடைப்பது இவ்வழியில்தான். அது பயன்படாதபோது மட்டுமே ஃபோட்டோரெக் (PhotoRec) என்ற இன்னொரு மீட்பு மென்பொருளைப் பயன்படுத்துங்கள்: அது ஒவ்வொரு கோப்பு வகையின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடுவதால் பழைய பெயர்கள் பெரும்பாலும் கிடைக்காது, சிதறிக் கிடந்த கோப்புகள் முழுமையாக வராமலும் போகலாம். விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கர் போட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும்.

மீட்டவற்றை மூல டிஸ்கில் சேமிக்காமல் வேறொரு டிஸ்கில் சேமித்து, ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சிறுபடம் தெரிவதாலேயே புகைப்படம் முழுதாக வந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது; வீடியோக்களைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்து முடிக்கும்வரை பழைய டிஸ்கைத் தொடாமல் வையுங்கள்.